ஒரு மூக்கு, இரண்டு கண்ணாடி

கல்யாண நோட்டீஸில் போட்ட கையெழுத்தின் மை காய்வதற்குள் கொலை வந்துவிட்டது.

பதிவு அலுவலகத்தின் மர பெஞ்சில் ஒன்பதரை மணியிலிருந்து உட்கார்ந்து தேய்ந்த பிறகு, பதினொன்றுக்குத்தான் மணப்பெண்ணான இன்ஸ்பெக்டரின் டோக்கனைக் கூப்பிட்டார்கள். பக்கத்தில் மாப்பிள்ளை. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன், முப்பத்து மூன்று வயது. ஊரார் கண்ணையெல்லாம் பார்த்துப் பார்த்து, எட்டு மாதத்துக்கு முன் கண் எரிகிறதென்று வந்த இவள் கண்ணில் விழுந்தவன். சாட்சிக் கையெழுத்துப் போட அவனுடைய அம்மா வருவதாக இருந்தது. முழங்கால் வலி என்று காலையில் சொல்லிவிட்டதால், இன்ஸ்பெக்டரின் உதவியாளன் ரேடியோவை இழுத்து வந்திருந்தார்கள்.

ரேடியோ என்பது ஸ்டேஷன் வைத்த பெயர். அணைக்கிற பொத்தான் இல்லாததால் வைத்தது.

"மேடம், இத்தனை வருஷ சர்வீஸ்ல நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டதெல்லாம் பறிமுதல் பட்டியல்லதான்" என்றான் ரேடியோ, பேனாவை மூடிக்கொண்டே. "இதுவும் கிட்டத்தட்ட அதான். ஒரு ஆம்பளை, நல்ல நிலையில், கைப்பற்றப்பட்டது."

மாப்பிள்ளை சிரித்தான். மணப்பெண்ணின் போன் அடித்தது. அவள் கேட்டுவிட்டு, "வரேன்" என்று வைத்தாள்.

"அம்மா மத்தியானம் சமைச்சு வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க" என்றான் அவன்.

"ரெண்டு மணிக்கு வந்துடறேன்."

"போலீஸ் ரெண்டு மணியா, மனுஷங்க ரெண்டு மணியா?"

"நாலுன்னு வச்சுக்க" என்று சொல்லிவிட்டு அவள் படி இறங்கி ஓடினாள்.

இறந்தவர் ஒரு பெரியவர். ஓய்வு பெற்ற வாகன ஆய்வாளர். பஸ், லாரி எல்லாம் சாலையில் ஓடத் தகுதியா என்று பார்த்துச் சான்றிதழ் தருகிற உத்தியோகம். குடும்பம் கிடையாது. ஈரலில் வியாதி முற்றிப்போய் ஒரு நர்ஸ் துணையோடு தரைத்தள வீட்டில் நாளை எண்ணிக்கொண்டிருந்தவர். எண்ணி முடிப்பதற்குள் யாரோ அவசரப்பட்டுவிட்டார்கள்.

ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் கிடந்தார். இஸ்திரி போட்ட சட்டை, வழித்துச் சீவிய தலை. கழுத்துக்குப் பின்னால் தலையணை ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

"முகத்துல அழுத்திட்டு மறுபடி அதே இடத்துல வச்சிருக்காங்க" என்றார் போலீஸ் டாக்டர். "பத்துலேர்ந்து பதினொண்ணுக்குள்ள. எதிர்த்துத் தள்ளக்கூட உடம்புல தெம்பு இல்லை. ஒரு குழந்தைகூடச் செஞ்சிருக்கலாம்."

நர்ஸ் அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ஒன்பது மணிக்கு நான்தான் காபி குடுத்தேன். நல்லாத்தான் இருந்தார். இன்னைக்கு என்னவோ சட்டை மாத்திவிடச் சொன்னார். தலை சீவிவிடச் சொன்னார். பத்து மணிக்கு ஒருத்தர் வருவாங்க, நீ மருந்துக்கடைக்குப் போய்ட்டு மெதுவா வா போதும்னார். பதினொண்ணு அஞ்சுக்கு வந்து பாத்தா…"

"யார் வர்றாங்கன்னு சொன்னாரா?"

"இல்லை. போன வாரம் ஒரு கடிதம் எழுதினார். கை நடுங்கி நடுங்கி ரெண்டு நாள் எழுதினார். நான்தான் தபால் பெட்டியில போட்டேன். விலாசத்தைக் கவனிக்கலை. அதுக்கப்புறம் ஒரு போன் வந்துச்சு. அதுலேர்ந்து ஆள் கொஞ்சம் தெளிவா இருந்தார்."

ரேடியோ இறந்தவரின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். "மேடம், ஆடம்பரத்தைப் பாருங்க. ஒரு மூக்கு, ரெண்டு கண்ணாடி."

அப்போதுதான் அவளும் பார்த்தாள். பெரியவரின் மார்பில், கயிறு கட்டிய ஒரு கண்ணாடி தொங்கியது. மூக்கின்மேல் இன்னொன்று. கறுத்த தடித்த சட்டம், ஒரு மூலையில் மட்டும் பித்தளைத் திருகாணி.

"கயிறு கட்டினதுதான் ஐயாவோடது, படிக்கிறதுக்கு" என்றாள் நர்ஸ். "மூக்குல இருக்கிறதை நான் பார்த்ததே இல்லை."

"கொலைகாரன் கொண்டாந்து மாட்டிவிட்டானா? நல்ல மனசு. பரிசோதனை இலவசம்" என்றான் ரேடியோ.

இன்ஸ்பெக்டர் அறையைச் சுற்றி வந்தாள். மேஜைமேல் ஒரு பழைய பிஸ்கட் டப்பா திறந்து கிடந்தது. உள்ளே பஞ்சு. மஞ்சளடித்துப்போன பஞ்சில் ஒரு பள்ளம். இரண்டு வட்டம், நடுவில் ஒரு பாலம், இரண்டு கால்.

"வெளியிலேர்ந்து வரலை ரேடியோ. இந்தக் கண்ணாடி இந்த வீட்லயேதான் வருஷக்கணக்கா ஒளிஞ்சிருந்திருக்கு. அவரோடது இல்லாத ஒண்ணை இவ்வளவு பத்திரமா எதுக்கு வச்சிருந்தார்?"

ரேகை எடுப்பவர் தலையை நிமிர்த்தினார். "இன்னொரு விஷயம் மேடம். கண்ணாடி பூரா விரல் ரேகை. துடைக்க முயற்சிகூடப் பண்ணலை. சின்ன விரல். நம்ம பதிவுல இருக்கிற எதோடயும் ஒத்துவரலை."

"திருடன்னா துடைச்சிருப்பான். கோபக்காரன்னா அடிச்சு உடைச்சிருப்பான்" என்றாள் அவள். "இது ரெண்டுமில்லை. கொன்னுட்டு, பொறுமையா ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டு, ரேகையையும் விட்டுட்டுப் போயிருக்காங்க. இதுல என்னவோ சொல்லியிருக்காங்க. இது யாரோட கண்ணாடின்னு தெரிஞ்சா மிச்சம் தானா வந்துடும்."

"ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினா பவர் என்னன்னு சொல்ல ஒரு வாரம் ஆகும்."

"எனக்கு அஞ்சு நிமிஷத்துல சொல்ற ஆள் இருக்கு."

"அதுக்குத்தானே காலையில கையெழுத்துப் போட்டோம்" என்றான் ரேடியோ.

இரண்டே முக்காலுக்குக் கண்ணாடிக் கடைக்குள் அவள் நுழைந்தபோது அவன் கடிகாரத்தைப் பார்த்து, "பரவாயில்லை, திருந்திட்டே" என்றான். கடை கீழே, வீடு மாடியில். மாடியிலிருந்து பாத்திரச் சத்தம் கேட்டது.

"சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு வேலை" என்று அவள் பிளாஸ்டிக் உறையை நீட்டினாள். "ஒரு பெரியவர் இறந்துட்டார். பழைய வாகன ஆய்வாளர். காலையில பிணமாப் பாத்திருக்காங்க. இது அவர் முகத்துல இருந்தது. யாரோடதுன்னு கண்டுபிடிக்கணும்."

வாங்க நீண்ட அவன் கை பாதியில் ஒரு கணம் நின்றது. பிறகுதான் அவன் வாங்கினான். காலையில் கையெழுத்துப் போடும்போதும் அவன் கை இப்படித்தான் நின்றது. அவள் அதை ஆசையோடு நினைத்துக்கொண்டாள்.

அவன் உறையிலிருந்து எடுத்து, பவர் பார்க்கிற கருவியில் வைத்து, குனிந்தான். வெகுநேரம் குனிந்தே இருந்தான்.

"ஒண்ணுமில்லை" என்றான் நிமிராமலே. "படிக்கிற கண்ணாடி. பிளஸ் ரெண்டு. ரெடிமேடா எந்தக் கடையிலயும் கிடைக்கும். இதை வச்சு ஆளைப் பிடிக்கிறது கஷ்டம்."

"நிச்சயமா?"

"என் தொழில்மா இது."

அவன் இதுவரை அவளை 'போலீஸ்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். 'அம்மா' போட்டது அன்றைக்குத்தான். மாடியில் சாப்பிட்டுவிட்டுப் போ என்று அவன் வற்புறுத்தவும் இல்லை. அவள் பசியோடு ஜீப்பில் ஏறினாள்.

ரேடியோ வண்டிக்குள் பன்னைக் கடித்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். உறையை வாங்கி, அதன் வழியாக அவளை ஒரு கண்ணால் பார்த்தான்.

"ஐயோ மேடம், கல்யாணக் கவலையா? பத்து கிலோ குறைஞ்சு, பாப்பா மாதிரி இருக்கீங்க."

"பேசாம வண்டியை எடு."

"நிஜமா மேடம். இந்தப் பேப்பரும் எறும்பு ஊர்ற மாதிரி ஆயிடுச்சு பாருங்க."

அவள் சட்டென்று உறையைப் பிடுங்கினாள். பேப்பர்மேல் பிடித்தாள். எழுத்துகள் சுருங்கின. தூரத் தள்ளிப் பிடித்தாள். இன்னும் சுருங்கின.

"ரேடியோ, உங்க அப்பா படிக்கிற கண்ணாடி வழியா எழுத்தைப் பாத்திருக்கியா? எப்படித் தெரியும்?"

"பெரிசா. அதுக்குத்தானே போடறது?"

"இது சின்னதாக் காட்டுது. இது படிக்கிற கண்ணாடி இல்லை. கிட்டப்பார்வைக்காரங்க தூரத்துல பாக்கிறதுக்குப் போடறது."

பன் ரேடியோவின் வாயிலேயே நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிகிற வித்தியாசம். பதினைந்து வருஷமாக இதையே தொழிலாகச் செய்கிறவன் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டுத் தப்பாகச் சொல்ல முடியாது.

"அசதியா இருந்திருக்கும் மேடம்…" என்று முதன்முறையாக ஒலியைக் குறைத்தான் ரேடியோ.

"எங்கிட்ட பொய் சொல்லியிருக்கான்" என்றாள் அவள். "ஆவண அறைக்கு விடு."

வாகன ஆய்வாளரும் கண்ணாடியும் சேர்ந்து வருகிற ஒரே ஒரு வழக்கு இருந்தது. பதினாறு வருஷப் பழசு. ரேடியோ தூசியில் தும்மிக்கொண்டே தீர்ப்பைப் படித்தான்.

இறக்கத்தில் ஒரு பஸ் நிற்காமல் போய் நிழற்குடையில் மோதியிருக்கிறது. மூன்று பேர் சாவு. பிரேக் பிடிக்கவில்லை என்று டிரைவர் கடைசிவரை சொன்னார். எட்டு நாளைக்கு முன்புதான் அந்த பஸ்ஸுக்குத் தகுதிச் சான்றிதழ் கொடுக்கப்பட்டிருந்தது. விபத்து நடந்த இடத்துக்கு முதலில் போன அதிகாரியும் அந்தச் சான்றிதழ் கொடுத்த ஆய்வாளரும் ஒரே ஆள், காலையில் செத்துக் கிடந்த பெரியவர். அவர் கூண்டில் ஏறிச் சத்தியம் பண்ணினார்: டிரைவருக்குக் கிட்டப்பார்வை, வண்டியிலோ அவர் முகத்திலோ கண்ணாடி இல்லை, தேடியும் கிடைக்கவில்லை. டிரைவர், நான் போட்டிருந்தேன், மோதினபோது தெறித்து விழுந்தது என்று கதறியது தீர்ப்பில் ஒரே வரி. ஏழு வருஷம். இரண்டாவது வருஷம் சிறையிலேயே முடிந்துபோனார்.

"அடப்பாவி மனுஷா" என்றான் ரேடியோ. "கண்ணாடியைப் பொறுக்கிப் பையில போட்டுக்கிட்டு, கண்ணாடி இல்லைன்னு சாட்சி சொல்லியிருக்கார். தன் சான்றிதழைக் காப்பாத்த."

டிரைவரின் பெயர் இருந்த வரியில் அவள் விரல் நின்றது. காலையில் நோட்டீஸில், மணமகனின் தகப்பனார் என்ற கட்டத்தில் அதே பெயரை அவள் பார்த்திருந்தாள். அப்பா பஸ் டிரைவர், நான் படிக்கும்போதே விபத்தில் போய்விட்டார் என்று அவன் சொன்னது நினைவு வந்தது. எந்த விபத்து என்று அவள் கேட்டதில்லை.

கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அவள் குனிந்து உள்ளே போனாள். பின்னாலேயே ரேடியோ. மாப்பிள்ளை விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தான்.

"பிளஸ் ரெண்டா?" என்றாள்.

அவன் தலையைத் தொங்கப்போட்டான். "மைனஸ் மூணரை. நான் செஞ்ச முதல் கண்ணாடி அது. பதினேழு வயசு. திருகாணி தொலைஞ்சுபோய், முதலாளிகிட்ட கெஞ்சிப் பித்தளையில ஒண்ணு வாங்கிப் போட்டேன். அப்பா அதைப் போட்டுக்கிட்டு, வானத்துக் காக்கா ரெக்கை தெரியுதுடான்னார்." அவள் கையிலிருந்த உறையைப் பார்த்தான். "ஊரே அவரைக் குருட்டு டிரைவர்னு சொல்லிச்சு. நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நம்பினேன். பெத்த பிள்ளை, நானும் நம்பினேன்."

"அந்த ஆளை யார் கொன்னது?"

"நான்தான்" என்று அவன் எழுந்து இரண்டு கையையும் நீட்டினான். "காலையில ஏழு மணிக்குப் போனேன். தலையணையை வச்சு அழுத்தினேன். அப்புறம்தான் உன்கூடக் கையெழுத்துப் போட வந்தேன். கூட்டிட்டுப் போ."

"தலையணைன்னு எப்படித் தெரியும்?"

"நாந்தானே செஞ்சேன்?"

ரேடியோ தொண்டையைக் கனைத்தான். "சார், ஏழு மணிக்கு நீங்க கொன்னவர் ஒன்பது மணிக்குக் காபி குடிச்சிருக்கார்."

அவன் விழித்தான்.

"பத்துக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல கொலை" என்றாள் அவள். "அந்த நேரத்துல நீ மர பெஞ்சில என் தோள்ல சாய்ஞ்சு தூங்கிட்டிருந்தே. குறட்டை வேற. உன்னைக் குற்றவாளின்னு நான் எழுதினா, நானும் ரேடியோவும்தான் உனக்குச் சாட்சி சொல்லணும். யாரைக் காப்பாத்தறே?"

கேட்டு முடிக்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. தலையணை என்று அவனுக்குச் சொல்லியிருக்கக்கூடிய ஆள் ஒருவர்தான். முழங்கால் வலி. சின்ன விரல்.

மாடிப்படியில் காலடி கேட்டது. முழங்கால் வலி எதுவும் இல்லாத, நிதானமான காலடி.

"உன்னை யார்டா பொய் சொல்லச் சொன்னது?" என்று கேட்டுக்கொண்டே அவன் அம்மா இறங்கி வந்தாள். குள்ளமான, ஒடிசலான அம்மாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "கேட்ட உடனே, இது எங்கப்பா கண்ணாடின்னு சொல்லவேண்டியதுதானே? அதுக்காகத்தானே மாட்டிவிட்டு வந்தேன்? கெடுத்துட்டியே."

"அம்மா, பேசாதீங்க…"

"பதினாறு வருஷம் பேசாம இருந்தாச்சு. நகரு." இன்ஸ்பெக்டரின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எழுதிக்கிறியாம்மா? மெதுவாச் சொல்றேன்."

ரேடியோ நோட்டைப் பிரித்தான்.

"கடிதம் வந்துச்சு. உங்க வீட்டுப் பொருள் ஒண்ணு எங்கிட்ட இருக்கு, திருப்பித் தரணும்னு. கீழ இருந்த பேரைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு எந்தப் பொருள்னு. போன் பண்ணி, இன்னைக்குப் பத்து மணிக்கு வரேன்னேன். ஏன் பத்து மணின்னா, அந்நேரம் என் பிள்ளை உன் பக்கத்துல இருப்பான். உலகமே அவன்மேல சந்தேகப்பட்டாலும் நீ படமுடியாது. அதான் முழங்கால் வலி."

"கொல்லணும்னே போனீங்களா அத்தை?"

"இல்லைன்னு சொல்லமாட்டேன். பதினாறு வருஷமா தினம் மனசுல கொன்னுக்கிட்டுதான் இருந்தேன். இன்னைக்குத்தான் எதிர்ல உட்கார்ந்திருந்தான்." அந்த அம்மாளின் குரலில் நடுக்கமே இல்லை. "டப்பாவைத் திறந்து குடுத்தான். அழுதான். டாக்டர் மூணு மாசம்னுட்டாராம். மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா, நிம்மதியாப் போயிடறேன்னான். நிம்மதியா! அவர் ஜெயில்ல வாந்தி எடுத்து, தண்ணி குடுக்க ஆளில்லாமப் போனார். இவனுக்கு சட்டை இஸ்திரி போட நர்ஸ். மூணு மாசம் என்ன, மூணு நிமிஷம்கூட விட்டுவைக்க எனக்கு மனசில்லை. முடிஞ்சப்புறம் கண்ணாடியை மாட்டி, நல்லாப் பாருடா இப்பன்னுட்டு வந்தேன்."

"கண்ணாடியை எடுத்துக்கிட்டு நேரா எங்கிட்ட வந்திருக்கலாமே?"

"கிழவி எங்கயோ பழைய கடையில பொறுக்கிட்டு வந்திருக்கான்னு சொல்லி அனுப்பியிருப்பாங்க. பிணத்து மூக்குல இருந்தா, எங்கேர்ந்து வந்துச்சுன்னு நீங்க தேடித்தானே ஆகணும்? சீல் வச்சு எழுதித்தானே ஆகணும்? அதுக்குத்தான் ரேகையைக்கூடத் துடைக்கலை."

இன்ஸ்பெக்டர் முன்னால் சாய்ந்தாள். இத்தனை நேரம் அடக்கிய கோபம் இப்போது வேறு பக்கம் திரும்பியிருந்தது. "அத்தை, அவர் உயிரோட இருந்திருந்தா அவர் வாயாலயே வாங்கியிருப்பேன். நான் பொய் சொன்னேன்னு ஒரு கையெழுத்து. மாமா மேல இருந்த கறை அன்னைக்கே போயிருக்கும். நீங்களும் வீட்ல இருந்திருப்பீங்க. இருந்த ஒரே சாட்சியை நீங்களே கொன்னுட்டீங்க."

"தெரியும்" என்றாள் அம்மாள்.

"என்ன தெரியும்?"

"எழுதித் தரேன்னுதான் சொன்னான். பேப்பர், பேனா எல்லாம் தயாரா வச்சிருந்தான்." முதன்முறையாக அந்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. "எழுதிக் குடுத்துட்டு, எல்லாரும் பாராட்ட, நல்லவனாச் சாவான். அதை நான் அவனுக்குக் குடுக்கமாட்டேன்."

மகன் சுவரில் சாய்ந்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்தான்.

வாக்குமூலம் எழுதி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இன்ஸ்பெக்டர் ஒன்றையும் விடவில்லை. பிஸ்கட் டப்பா, பித்தளைத் திருகாணி, பழைய தீர்ப்பின் எண், கண்ணாடிக் கடைக்காரர் போலீஸிடம் இரண்டு முறை பொய் சொன்னது. அந்த இடம் வந்தபோது ரேடியோ பேனாவைத் தூக்கினான்.

"இதுவுமா மேடம்?"

"இதுவும்தான்."

அவன் தரையிலிருந்து அவளை நிமிர்ந்து பார்த்தான். "எழுது" என்றான். "எழுதலைன்னா அது நீ இல்லை." பிறகு, கல்யாணம் இன்னும் உண்டா என்று கேட்கலாமா கூடாதா என்று தயங்கி, கேட்காமலே தலை குனிந்துகொண்டான்.

அம்மாள் ஒவ்வொரு பக்கத்திலும் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். மாடிக்குப் போய் அடுப்பை அணைத்தாயிற்றா என்று பார்த்துவிட்டு வந்தாள். பிறகு தானாகவே போய் ஜீப்பின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அவர்களை அவள் ஒவ்வொருவராக நேருக்கு நேர் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் வாசல்படியில் நின்று மேலதிகாரிக்குப் போன் போட்டாள்.

"சார், காலைக் கொலையில ஆளைக் கைது பண்ணியாச்சு. வாக்குமூலம் இருக்கு. ஆனா வழக்கை இப்பவே வேற யார்கிட்டயாவது மாத்திடுங்க. அந்தப் பழைய பஸ் வழக்கையும் திரும்ப எடுக்கணும்னு எழுதியிருக்கேன்."

"கண்டுபிடிச்சதே நீதானேம்மா? எதுக்கு மாத்தணும்?"

"நான் விசாரிக்கக்கூடாது சார். சொந்தம்."

"சொந்தமா? பிடிச்ச ஆள் உனக்கு என்ன வேணும்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மாமியார், சார்" என்றாள்.